மெல்லத் துடிக்கும் இதயம்

நோயுற்றவரின் மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்க்கும் வழக்கம் மிகவும் தொன்மையானது. நம் நாட்டுச் சித்த மருத்துவர் மூன்று விரல்களை ஊன்றி, வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றின் நடையையும் நாடியிலே உணர முயன்றனர். எகிப்தியரும் கிரேக்கரும் சீனரும் தத்தமக்குரிய முறையில் நாடியை ஆராய்ந்தனர். பெரும்பாலும் விரலின் உணர்வே அவர்களுக்கு அளவுகோலாக இருந்தது. ஜான் பிளாயர் என்னும் ஆங்கிலேய மருத்துவர், சரியாக ஒரு நிமிடம் ஓடி நிற்கும் கடிகாரம் ஒன்றை நாடியை எண்ணுவதற்கென்றே செய்வித்து, 1707-ஆம் ஆண்டில் அதனைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். அக்காலத்து மருத்துவர் பலர் அதைப் பெரிதாகக் கருதவில்லை. நாடியை எண்ணும் வழக்கம் நிலைபெற இன்னும் நூறு ஆண்டுகளுக்கு மேல் வேண்டியிருந்தது.

இன்று இது சிறுவரும் அறிந்த செய்தி. நலமுடன் வளர்ந்த ஒருவர் அமைதியாக அமர்ந்திருக்கும்போது, அவர் இதயம் நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை துடிக்கும். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கும். 60-க்குக் குறைந்தால் அதனை மருத்துவர் 'பிராடிகார்டியா' என்பர். 'மெதுவான இதயம்' என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். ஆயினும் 60 என்னும் எண்ணைத் தாண்டமுடியாத வேலியாகக் கொள்ளுதல் கூடாது. நன்கு உறங்கும் இளைஞர் ஒருவரின் இதயம் 40 அளவிற்கு இறங்குவது இயல்பே. நாள்தோறும் நெடுந்தூரம் ஓடிப் பழகியவர்களிற் சிலருக்கு விழித்திருக்கும்போதே நாடி 40 அளவில் நடக்கும். இவற்றைக் கருதியே, அமெரிக்க இதயநோய் மருத்துவச் சங்கங்கள் 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறையில், ஐயுறத்தக்க எல்லையை 50 எனத் தாழ்த்தி அமைத்தனர்.

ஆகவே, நாடி 40 என்று கேட்டவுடன் அஞ்சுவதும் பேதைமை. அதனை இகழ்ந்து விடுவதும் பேதைமை. அதே 40 துடிப்புடன் ஒருவர் ஓட்டப் பந்தயத்தில் முந்தி வருகிறார். மற்றொருவர் தம் வீட்டு முற்றத்திலேயே நினைவிழந்து வீழ்கிறார். இவ்விருவருக்கும் வேறுபாடு யாது? இவ்வினாவிற்கு விடை காண மருத்துவ உலகம் நெடுங்காலம் உழைத்தது. அவ்வரலாறு அயர்லாந்து நாட்டின் தலைநகராகிய டப்ளினில் தொடங்குகிறது.

ராபர்ட் ஆடம்ஸ் என்னும் மருத்துவர் 1819-ஆம் ஆண்டு மே மாதத்தில் வரித்துறை அலுவலர் ஒருவரைப் பார்வையிட்டார். அவருக்கு வயது 68. ஏழாண்டுகளில் இருபது முறைக்குக் குறையாமல் அவர் திடீரென நினைவிழந்து வீழ்ந்திருந்தார். இத்தகைய வீழ்ச்சி மூளையின் நோயால் வருவது என்பதே அந்நாளையோர் கொள்கை. ஆனால், ஆடம்ஸின் கருத்தை ஈர்த்தது அம்முதியவரின் நாடி. அது நிமிடத்திற்கு 30 முறையே நடந்தது. அவ்வாண்டிலேயே அவர் இறந்தார். குற்றம் இதயத்தில் இருக்கிறது. மூளை அதனால் துன்புறுகிறது என்று ஆடம்ஸ் துணிந்தார். 1827-இல் இதனை எழுதி வெளியிட்டார்.

அந்நகரிலேயே வாழ்ந்த வில்லியம் ஸ்டோக்ஸ் என்பவர் 1846-இல் இத்தகைய நோயாளிகள் சிலரைப் பற்றி விரிவாக எழுதினார். அவர் கண்ட ஒரு செய்தி மிகவும் நுட்பமானது. நாடி 28 முறையே துடித்த ஒருவரின் கழுத்தை அவர் உற்றுநோக்கினார். அங்கே தோலின் கீழ் ஓடும் பெருஞ்சிரை, இதயத் துடிப்பினும் இருமடங்கிற்கு மேற்பட்ட முறை துடித்துக்கொண்டிருந்தது. அதற்குக் காரணம் இன்னதென அவரால் கூற இயலவில்லை. எனினும், கண்டதைக் கண்டவாறே எழுதிவைத்தார். இதயத்தின் மேலறைகள் ஒரு கணக்கிலும் கீழறைகள் வேறொரு கணக்கிலும் துடித்துக்கொண்டிருந்தன என்பதே அக்காட்சியின் பொருள். அது வெளிப்பட மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. இதயம் மெதுவாக இயங்குவதால் வரும் மயக்கம் இன்றும் 'ஸ்டோக்ஸ்-ஆடம்ஸ் மயக்கம்' என்றே வழங்கப்படுகிறது.

இதயத்தைத் துடிக்கச் செய்வது எது? உடலினின்று வெட்டியெடுத்த தவளையின் இதயமும் சிறிது நேரம் தானே துடித்துக்கொண்டிருப்பதைப் பண்டையோரும் கண்டிருந்தனர். ஆகவே, துடிப்பைத் தொடங்கும் ஆற்றல் இதயத்தினுள்ளேயே இருத்தல் வேண்டும். ஸ்டானியஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1852-இல் தவளை இதயத்தின் இருவேறு இடங்களை நூலாற் கட்டிப் பார்த்தார். ஓரிடத்தில் கட்டியவுடன் அதற்கு அப்பாலுள்ள பகுதி நின்றுவிட்டது. கேம்பிரிட்ஜில் கேஸ்கெல் என்பவர் 1880-களில் ஆமையின் இதயத்தைச் சிறு கிடுக்கியால் மேலறைக்கும் கீழறைக்கும் இடையே மெல்ல நெருக்கினார். நெருக்கம் சிறிதாயின், மேலறையின் இரண்டு துடிப்புகளுக்குக் கீழறை ஒரு முறை துடித்தது. நெருக்கம் மிகுந்தபோது இரண்டிற்கும் தொடர்பு அறவே அற்றது. டப்ளின் முதியவரின் இதயத்தில் நோய் செய்ததை, ஆமையின் இதயத்தில் கிடுக்கி செய்து காட்டிற்று.

அடுத்து, மேலறையையும் கீழறையையும் இணைக்கும் பாலத்தை அறிஞர்கள் தேடினர். இளைய வில்ஹெல்ம் ஹிஸ் என்பவர் 1893-இல் மெல்லிய தசையிழைக் கற்றை ஒன்றைக் கண்டார். அது அவர் பெயராலேயே 'ஹிஸ் கற்றை' எனப்படுகிறது. ஜப்பானிலிருந்து ஜெர்மனிக்குச் சென்று பயின்ற சுனாவோ தவாரா, 1906-இல் அக்கற்றையின் தலைப்பில் ஒரு கணு இருப்பதையும், அக்கற்றை இரு கிளைகளாகப் பிரிந்து கீழறைச் சுவரெங்கும் நுண்ணிழைகளாகப் பரவுவதையும் காட்டினார். எஞ்சியது தொடக்க இடம் ஒன்றே. அதே ஆண்டுக் கோடையில் ஆர்தர் கீத் என்பவர் தம் துணைவியாருடன் மிதிவண்டியில் உலாவச் சென்றிருந்தார். அவரிடம் பயின்ற மார்ட்டின் பிளாக் என்னும் மாணவர் அவ்வேளையில் ஓர் அகழெலியின் இதயத்தை நுண்பெருக்கியில் ஆராய்ந்துகொண்டிருந்தார். பெருஞ்சிரை வந்து வலது மேலறையிற் சேருமிடத்தில் விந்தையான ஒரு திசுவை அவர் கண்டார். ஆசிரியர் திரும்பியதும் அதனைக் காட்டினார். துடிப்பின் ஊற்று அதுவே. பின்னர் இருவரும் பல உயிர்களின் இதயங்களில் அதனைத் தேடிக் கண்டு, 1907-இல் உலகிற்கு அறிவித்தனர். அத்திசு 'சைனஸ் கணு' எனப் பெயர் பெற்றது.

இவ்வமைப்பின் இயக்கம் வியக்கத்தக்கது. சைனஸ் கணுவில் மின் தூண்டல் ஒன்று தானே எழுகிறது. அது மேலறைகளிற் பரவி அவற்றைச் சுருங்கச் செய்கிறது. பிறகு தவாரா கண்ட இடைக்கணுவை அடைந்து, ஏறத்தாழ நொடியின் பத்தில் ஒரு பங்கு அங்கே தாழ்க்கிறது. இத்தாழ்ப்பு வீணன்று. மேலறையிலுள்ள குருதி கீழறையை நிரப்புவதற்கு வேண்டிய நேரம் அதுவே. பின்னர் ஹிஸ் கற்றையின் வழியே விரைந்து இறங்கிக் கீழறைகளைச் சுருக்குகிறது. மேலும் ஒரு காப்பும் இதயத்திற்கு உண்டு. மேலிருந்து ஆணை வாராதொழியின், இடைக்கணுவை அடுத்த பகுதி நிமிடத்திற்கு 40 முதல் 60 வரை தானே துடிப்பை எழுப்பும். அதுவும் தவறினால், கீழறைத் தசையே 20 முதல் 40 வரை துடித்து உயிரைத் தாங்கும். ஆடம்ஸ் எண்ணிய 30-உம் ஸ்டோக்ஸ் எண்ணிய 28-உம் இத்தகைய துணைத் துடிப்புகளே என்று இன்று கொள்ளலாம். அது நம்பத்தக்க துணையன்று. எவ்வேளையிலும் அது சில நொடிகள் நின்றுவிடக்கூடும். குருதியோட்டம் ஆறு முதல் பத்து நொடிகள் நின்றால், மூளை தன் நினைவை இழக்கிறது.

விரலுக்குப் புலனாகாத இம்மின் இயக்கத்தைத் தாளில் வரைந்து காட்டியவர் ஹாலந்து நாட்டு லைடன் நகரத்துப் பேராசிரியர் ஐந்தோவன். அவர் 1900-களின் தொடக்கத்தில் அமைத்த கருவி ஏறத்தாழ 270 கிலோ எடையுடையது. அதனை இயக்க ஐவர் வேண்டும். நோயாளி தம் கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் அமிழ்த்தி அமர்வார். அக்கருவியை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல இயலாமையால், 1905-இல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த நோயாளிகளின் இதயத் துடிப்பைத் தொலைபேசிக் கம்பியின் வழியே தம் ஆய்வுக்கூடத்திற்கு வருவித்துப் பதிவு செய்தார். 1924-ஆம் ஆண்டின் நோபெல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. இன்று அக்கருவி ஒரு சிறு பெட்டியில் அடங்கிவிட்டது. அது தரும் படத்தையே மக்கள் 'ஈ.சி.ஜி.' என்கின்றனர்.

அப்படத்தில் முதலில் வரும் சிறு மேடு மேலறையின் செயல். அதனையடுத்து ஈட்டிபோல் எழும் கோடு கீழறையின் செயல். இரண்டின் தொடக்கங்களுக்கும் இடைப்பட்ட காலம் நலமுடையோர்க்கு நொடியில் 0.12 முதல் 0.20 வரை இருக்கும். அது நீண்டு, ஆனால் ஒவ்வோர் ஆணையும் கீழறையை வந்து சேர்ந்தால், அது முதல்நிலைத் தடை, பெரும்பாலும் தீங்கற்றது. சில ஆணைகள் சேர்ந்து, சில தவறினால் இரண்டாம் நிலை. இதிலும் இருவகை உண்டு. தாழ்ப்பு சிறிது சிறிதாக நீண்டு, பின் ஒரு துடிப்பு விடுபடுவது ஒரு வகை. இதனை வெங்கெபாஃக் என்பவர் 1899-இல், ஈ.சி.ஜி. தோன்றுமுன்னரே, நாடியின் வரைபடத்தை அளந்தே கண்டறிந்தார் என்பது நினைக்குந்தோறும் வியப்பளிப்பது. யாதொரு முன்னறிவிப்புமின்றித் துடிப்பு விடுபடுவது மற்றொரு வகை. இதனை மோபிட்ஸ் 1924-இல் பிரித்துக் காட்டினார். இவ்வகை அஞ்சத்தக்கது, எந்த நாளும் முழுத் தடையாக மாறலாம். ஓர் ஆணையும் கீழிறங்காத நிலையே மூன்றாம் நிலையாகிய முழுத் தடை.

தடை ஏதுமின்றிச் சைனஸ் கணுவே மெதுவாக இயங்குவதும் உண்டு. உறங்குவோர்க்கும் ஓட்டக்காரர்க்கும் நிகழ்வது இதுவே. இக்கணுவை அடக்கியாளும் கடிவாளம் ஒன்று உண்டு. அது மூளையிலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்பு. அதனைத் தூண்டினால் இதயம் மெதுவாகும் என்பதை வெபர் உடன்பிறந்தார் 1845-இல் காட்டினர். நரம்பு எவ்வாறு இதயத்திற்கு அச்செய்தியைத் தருகிறது? ஆட்டோ லோவி என்னும் அறிஞர்க்கு இதற்கான சோதனை கனவிலே தோன்றியதாம். நள்ளிரவில் எழுந்து தாளிற் கிறுக்கிவைத்தார். விடிந்தபின் தம் எழுத்தைத் தாமே படிக்க இயலவில்லை. மறுநாள் இரவும் அக்கனவு வரவே, உடனே எழுந்து ஆய்வுக்கூடத்திற்குச் சென்றுவிட்டார். நரம்பைத் தூண்டி மெதுவாக்கப்பட்ட தவளை இதயத்தைச் சூழ்ந்த நீரை எடுத்து, மற்றொரு தவளையின் இதயத்தில் இட்டார். அதுவும் மெதுவாயிற்று. நரம்பின் முனையில் ஊறும் ஒரு பொருளே செய்தியைச் சுமந்து செல்கிறது என்பது 1921-இல் இவ்வாறு புலனாயிற்று.

பள்ளிக் கூட்டத்தில் வெயிலில் நெடுநேரம் நின்ற மாணவன் ஒருவன் முகம் வெளிறி, வியர்த்து, கண் இருண்டு விழுவதுண்டு. குருதியைக் கண்டு மயங்குவோரும் உளர். இவர்களுள் பலர்க்கு வேகஸ் நரம்பு கடிவாளத்தை அளவுமீறி இழுத்துவிடுகிறது. குருதிக் குழாய்களும் உடன் தளர்கின்றன. படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்தினால் விரைவில் தெளிவு வந்துவிடும். அவனைத் தூக்கி நிறுத்த முயல்வதே செய்யத் தகாத செயல். நீர்வாழ் பாலூட்டிகளுக்கோ இதே கடிவாளம் பெருந்துணை. 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கலிபோர்னியக் கடலில் மூழ்கிய நீலத்திமிங்கிலம் ஒன்றின் இதயம் நிமிடத்திற்கு இரண்டு முறை வரை இறங்கியதையும், மேலே வந்து மூச்சு வாங்குங்கால் 37 வரை ஏறியதையும் கண்டது.

மருந்தே நாடியைத் தாழ்த்துவதும் பெருவழக்கு. நரிக்கையுறை எனப்படும் டிஜிட்டாலிஸ் செடியின் இலையை இதயநோய்க்கு ஆராய்ந்து பயன்படுத்திய வில்லியம் விதரிங், அளவு மிகுந்தால் நாடி 35 வரை தாழும் என 1785-லேயே எச்சரித்தார். தோட்ட வேலிகளில் வளரும் மஞ்சள் அரளியின் நஞ்சும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இந்நஞ்சினால் இதயம் தடைப்பட்டு மருத்துவமனைக்கு வருவோர் உளர். அறியாது அதன் காயை வாயிலிட்ட சிறுவரும் அவருள் அடங்குவர். அவர்களுக்கு வீட்டு மருத்துவம் பார்த்துக் காலம் தாழ்த்தலாகாது. குருதிக் கொதிப்பிற்கு வழங்கும் பீட்டா தடுப்பு மருந்துகளும், வேறு சில மாத்திரைகளும் இதயத்தை மெதுவாக்கும். கண்ணழுத்த நோய்க்கு இடும் டைமோலால் என்னும் சொட்டு மருந்துகூட உடலில் ஊறி நாடியைத் தாழ்த்தக்கூடும். கண்ணில் இடும் மருந்தை ஒரு மருந்தாகவே எண்ணாத முதியோர், மருத்துவர் வினவுங்கால் அதனைச் சொல்லாமலே விட்டுவிடுகின்றனர்.

பிற உறுப்புகளின் நோயும் இதயத்தில் எதிரொலிக்கும். தைராய்டுச் சுரப்பு குன்றியவர்க்கு உடல் குளிர்ந்து, தோல் வறண்டு, நாடியும் தளரும். சிறுநீரகம் கெட்டுக் குருதியில் பொட்டாசியம் மிகுந்தால் இதயம் மெதுவாகி நின்றே போகலாம். மண்டையினுள் அழுத்தம் ஏறினாலும், உடல் மிகவும் குளிர்ந்தாலும் நாடி இறங்கும். குடற்காய்ச்சலில் உடல்வெப்பம் ஏறிய அளவிற்கு நாடி ஏறுவதில்லை. தொண்டை அடைப்பான் நோயின் நஞ்சு இதயத்தின் மின்வழியைத் தாக்கும். பிரேசில் நாட்டில் கார்லோஸ் சாகஸ் என்பவர் 1909-இல் கண்டறிந்த நோயிலும், பூச்சி கடித்துப் பல்லாண்டுகள் கழிந்தபின் இதே கேடு தோன்றும். தாயின் குருதியிலுள்ள சில எதிர்ப்பொருள்கள் கருவின் இடைக்கணுவைச் சிதைத்தலால், தடையுடனேயே பிறக்கும் குழந்தைகளும் உண்டு.

எனினும், முதியோரிடம் காணப்படும் தடைக்குப் பெருங்காரணம் முதுமையே. மின்வழியிலுள்ள உயிரணுக்கள் மெல்ல மெல்ல அழிந்து, அவ்விடத்தில் உணர்ச்சியற்ற நார்த்திசு நிறைகிறது. மாரடைப்பும் ஒரு காரணமாகும். இடைக்கணுவிற்குப் பெரும்பாலோரிடம் வலது இதயத் தமனியே குருதி தருகிறது. ஆகவே, அது அடைபட்டு இதயத்தின் அடிச்சுவர் தாக்கப்படும்போது தடை தோன்றும். ஆனால், இத்தடை பெரும்பாலும் சில நாள்களில் தானே நீங்கிவிடும். காரணம் அறியாமல் முடிவு செய்தலின் தீமை இதனால் விளங்கும். நீங்கும் தடையையும் நிலைத்த தடையையும் ஒன்றாகக் கருதிவிட்டால், தேவையற்றவர்க்குக் கருவியும் தேவையுற்றவர்க்குக் காலத்தாழ்வும் நேரும்.

இனி, மெதுத்துடிப்பு உடையவரை மருத்துவர் ஆராயும் முறையைக் காண்போம். முதற்கண் அவர் வரலாற்றைக் கேட்கிறார். களைப்பா, மூச்சிரைப்பா, தலைச்சுற்றா, மயக்கமா? நின்றபோது வந்ததா, படுத்தபோதும் வந்ததா? வருமுன் வியர்வையும் குமட்டலும் தோன்றினவா, அன்றி விளக்கை அணைத்தாற்போல் நினைவு போயிற்றா? கண்ணாற் கண்டவரையும் வினவ வேண்டும். மயங்கியவர்க்குத் தம் நிலை தெரியாதன்றோ? இங்கே பெரும்பிழை ஒன்று நேர்வதுண்டு. இதயம் சில நொடிகள் நிற்கும்போது கைகால்கள் வெட்டி இழுக்கக்கூடும். அதனைக் காக்காய் வலிப்பு எனக் கொண்டு, பல ஆண்டுகள் வலிப்பு மருந்தே உண்டவர் பலர். பேய் பிடித்ததென விரட்டப்பட்டவரும் உண்டு. வெளிறிய முகம், விரைவில் திரும்பும் தெளிவு, உணர்வு மீளும்போது முகம் சிவத்தல் ஆகிய அடையாளங்கள் குற்றம் இதயத்தினுடையது என்று உணர்த்தும்.

பின்னர் நாடியை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். மணிக்கட்டு சில வேளை பொய் சொல்லும். இயல்பான துடிப்பொன்றின் பின் உரிய காலத்திற்குமுன் ஒரு துடிப்பு எழுந்தால், அதற்குள் கீழறை நிரம்பியிராது. அத்துடிப்பு மணிக்கட்டை எட்டாது. இதயம் 80 முறை துடிக்க, விரல் 40 என்றே எண்ணும். ஆதலின் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்தும் எண்ணுகின்றனர். கழுத்துச் சிரையையும் நோக்குகின்றனர். முழுத் தடையில் மேலறை சுருங்கும் வேளையில் கீழறையின் வாயில் அடைந்திருப்பின், குருதி கழுத்தை நோக்கி எற்றப்படும். ஸ்டோக்ஸ் கண்ட கழுத்துத் துடிப்பு, இன்றும் மருத்துவ மாணவர்க்கு ஒரு பாடம்.

அடுத்தது ஈ.சி.ஜி. படம். அதன் தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது. ஈட்டிபோன்ற இரு கோடுகளுக்கிடையே ஐந்து பெருங்கட்டங்கள் இருந்தால் துடிப்பு 60. பத்து இருந்தால் 30. மேலறையின் மேடுகள் தம் வழியிலும் கீழறையின் கோடுகள் தம் வழியிலும் ஒன்றையொன்று பொருட்படுத்தாமல் செல்லுமாயின், முழுத் தடை என்பது ஐயமற விளங்கும். உண்ணும் மருந்துகளின் பட்டியல், தைராய்டு அளவு, பொட்டாசியத்தின் அளவு ஆகியவையும் உடன் ஆராயப்படும். நடக்கவைத்து, அதற்கேற்ப நாடி ஏறுகிறதா எனவும் பார்ப்பர். ஓட்டக்காரரின் 40, சில நிமிட ஓட்டத்தில் 150-ஐயும் தாண்டிவிடும். நோயுற்ற கணுவோ எவ்வளவு வற்புறுத்தினும் எழாது. இதுவே தொடக்கத்தில் எழுந்த வினாவிற்கு விடையாகும். முதல்வரின் இதயம் தேவைப்படும்போது விரைய வல்லது. ஒவ்வொரு துடிப்பிலும் மிகுந்த குருதியைச் செலுத்துவது. மற்றவரின் இதயத்திற்கு அந்த ஆற்றல் இல்லை.

ஆனால், நாளெல்லாம் நலமாயிருந்து எப்போதோ ஒருமுறை வீழ்பவரின் படம், மருத்துவமனையில் எடுக்கும்போது குற்றமற்றதாகவே இருக்கும். இத்தகையோர்க்காகவே நடமாடும் பதிவுக் கருவி தோன்றிற்று. அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தைச் சேர்ந்த நார்மன் ஹால்டர் முதலில் செய்த கருவி ஏறத்தாழ 38 கிலோ. அதனை முதுகிற் சுமந்தே நடக்கவேண்டும். பின்னர் அது சிறுத்தது. 1961-இல் அவர் அதனை அறிவியல் உலகிற்கு விளக்கினார். இன்று சட்டைப்பையில் அடங்கும் கருவி 24 மணி நேரத் துடிப்பையும் பதிக்கிறது. மயக்கம் திங்களுக்கு ஒருமுறை வருவதாயின், நெஞ்சுத் தோலின் கீழ்ச் சிறுகுச்சி போன்ற பதிவுக்கருவியை வைத்து, ஆண்டுக்கணக்கிற் காத்திருக்கவும் இயலும். நோயாளி மயங்கிய அதே நொடியில் இதயம் என் செய்தது என்பதே மருத்துவர் அறிய விரும்பும் சான்று. மயங்கிய வேளையிலும் துடிப்பு இயல்பாக இருந்ததாயின், இதயத்தை விடுத்து வேறிடத்தில் தேட வேண்டும்.

காரணம் மருந்தாயின் அதனை மாற்றுவதும், தைராய்டாயின் அதனை ஈடுசெய்வதும் போதும். ஓட்டக்காரர்க்கு மருத்துவமே வேண்டுவதில்லை. உயிர்க்கு இடர் நேரும் வேளையில் அட்ரோபின் என்னும் மருந்து வேகஸின் கடிவாளத்தைத் தளர்த்தும். அதற்கு அடங்காத தடைக்கு மின்சாரமே துணை. பால் ஜோல் என்னும் பாஸ்டன் மருத்துவர் 1952-இல் நெஞ்சின் மேல்தோல் வழியே மின்துடிப்புகளைச் செலுத்தி, நின்ற இதயத்தை இயக்கினார். அது நோயாளிக்குப் பொறுக்கலாகா நோவைத் தந்தது. மினியாபோலிஸ் நகரில் இதய அறுவை பெற்ற குழந்தைகளுக்கு இதயத்தின்மேல் நேரே கம்பி வைத்து இயக்கினர். ஆனால், கருவி சுவரிலுள்ள மின்னிணைப்பை நம்பியிருந்தது. 1957 அக்டோபர் 31 அன்று நகரில் மின்சாரம் தடைப்பட்டது. அதன்பின், எர்ல் பேக்கன் என்னும் பொறியாளர், மின்கலத்தால் இயங்கும் சிறு பெட்டியைச் சில வாரங்களில் அமைத்துக் கொடுத்தார்.

அக்காலத்தில் சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோமில் ஆர்னே லார்சன் என்னும் 43 வயதுடைய ஒருவர் முழுத் தடையால் வருந்திக்கொண்டிருந்தார். நாளொன்றுக்கு இருபது முப்பது முறை அவர் நினைவிழந்தார். அவர் மனைவி, ஓகே செனிங் என்னும் அறுவை மருத்துவரையும் ரூனே எல்ம்கிவிஸ்ட் என்னும் பொறியாளரையும் மாறிமாறிக் கண்டு, தம் கணவரின் உடலினுள்ளேயே வைக்கத்தக்க கருவியைச் செய்யுமாறு வற்புறுத்தினார். அத்தகைய கருவி அப்போது எங்கும் இல்லை என்று அவர்கள் கூறியும் அம்மையார் விடவில்லை. எல்ம்கிவிஸ்ட் இரண்டு டிரான்சிஸ்டர்களையும் மின்கலத்தையும் இணைத்து, காலணி மெருகுப் பசை வரும் தகர டப்பியை அச்சாகக் கொண்டு, பிசினில் வார்த்து ஒரு கருவியைச் செய்தார். 1958 அக்டோபர் 8 அன்று செனிங் அதனை லார்சனின் வயிற்றுப் பகுதியில் வைத்து, கம்பிகளை இதயத்தில் இணைத்தார்.

அக்கருவி சில மணி நேரமே இயங்கிற்று. மாற்றாகச் செய்துவைத்திருந்த இரண்டாவது கருவியும் நெடுநாள் நீடிக்கவில்லை. ஆனால், முயற்சி கைவிடப்படவில்லை. கருவிகள் திருந்தின, மின்கலங்கள் பல ஆண்டுகள் நிலைத்தன, கம்பிகள் சிரையின் வழியே செலுத்தப்பட்டமையால் நெஞ்சைப் பிளக்கவேண்டிய தேவை நீங்கிற்று. 'பேஸ்மேக்கர்' எனப்படும் அக்கருவி இக்காலத்தில் இதயத்தைக் கவனித்திருந்து, தன் துடிப்புத் தவறும்போது மட்டும் தூண்டுகிறது. கம்பியே இல்லாமல் கீழறையினுள் தங்கும் மாத்திரை அளவிலான கருவிகளும் 2010-களில் வந்துவிட்டன. நிலைத்த முழுத் தடையும் மோபிட்ஸ் பிரித்த வகைத் தடையும் உடையவர்க்கு, மயக்கம் வாராவிடினும் இக்கருவி வைக்கப்படுகிறது. கணுவின் தளர்ச்சி மட்டும் உடையவர்க்கோ, துன்பத்திற்கு அத்தளர்ச்சியே காரணம் எனத் தெளிந்த பின்னரே வைக்கப்படுகிறது.

லார்சனுக்கு வாழ்நாளில் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகள் மாற்றி மாற்றிப் பொருத்தப்பட்டன. கருவியைச் செய்த எல்ம்கிவிஸ்ட் 1996-இலும், அதனைப் பொருத்திய செனிங் 2000-இலும் இறந்தனர். லார்சன் 2001 டிசம்பரில், தம் 86-ஆம் வயதில், இதயநோயால் அன்றித் தோலிற் கண்ட புற்றுநோயால் காலமானார்.